பருப்பு வேகும் தண்ணீர்

அன்புள்ள தம்பி,

இங்கே நானும் உன் அக்காவும் அவள் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். பருப்பு மட்டும் இன்னும் வேகவில்லை. ஸ்டவ்வில் ஏற்றி வெகுநேரம் ஆகிறது, கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினால் இன்னும் மணல் போல நறநறக்கிறது. அது வேகும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது என்பதால், நேற்று வந்த உன் கடிதத்துக்கு இங்கேயே பலகையைப் போட்டு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுபோனால் என்னைக் குறை சொல்லாதே, பருப்பைச் சொல். அது ஏன் வேகவில்லை என்பதும் இந்தக் கடிதத்தில் வரத்தான் போகிறது. எழுதி முடித்ததும் முதலில் உன் அக்கா ஸ்டெல்லா படிப்பாள், பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். உன் சேலத்து ரூமில் இருக்கிற பையன்களும் விரும்பினால் படிக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் நம் மாவட்டத்துப் பிள்ளைகள்தானே, அவர்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கும்.

கேள்வியைக் கேட்டுவிட்டு, "நீங்களே முடிவு சொல்லுங்கப்பா, நீங்க சொல்ற மாதிரியே செய்றேன்" என்று முடித்திருக்கிறாய். பல் டாக்டர் படிப்புக்கு இந்த வருஷம் உனக்கு இடம் கிடைக்கவில்லை. மார்க் போன இடம் கெமிஸ்ட்ரி. அடுத்த வருஷம் மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதுவது என்று நாம் பேசி முடித்துவிட்டோம். அதுவரை சும்மா இருக்கக் கூடாது என்று சேலத்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு மனுப் போட்டாய். அவர்கள் ஜுவாலஜிக்கும் கூப்பிட்டார்கள், கெமிஸ்ட்ரிக்கும் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை போய் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். தம்பி, இவ்வளவு காலமும் நான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்திருக்கிறேன். வண்டியை எந்த லைனில் வாங்குவது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார், நான் போய் லைனைத் திருப்பிவிட்டு வருவேன். முடிவு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறவனைப் பிடித்து அந்த வேலையைக் கொடுத்திருக்கிறாய்.

ஜுவாலஜி பக்கம் மூன்று காரணம் எழுதியிருந்தாய். உடம்பைப் பற்றிய படிப்பு, டாக்டர் படிப்புக்குக் கிட்ட வரும் என்பது ஒன்று. கெமிஸ்ட்ரி மெயின் எடுத்தால் மத்தியானமெல்லாம் லேபில் போய்விடும், கூடவே கணக்கு வேறு துணைப்பாடமாக வந்து நிற்கும், நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது என்பது இன்னொன்று. ஜுவாலஜி எடுத்தாலும் கெமிஸ்ட்ரி துணைப்பாடமாக உண்டு, நமக்கு அது போதும் என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமாகத்தான் இருந்தன. ஸ்டேஷன் மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். "பையன் தெளிவா யோசிச்சிருக்கான்யா, ஜுவாலஜியே போடு" என்றார். நானும் வீட்டுக்கு வரும்போது அந்த முடிவோடுதான் வந்தேன். அப்போது உன் அக்கா, நீ கடிதத்தில் எழுதாத நான்காவது காரணத்தைச் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எப்போதோ நீ அவளிடம் மட்டும் சொன்னதை இத்தனை நாள் காப்பாற்றித்தான் வைத்திருந்தாள்.

பிளஸ் டூவில் லேபில் நடந்ததைச் சொன்னாள். கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டுமாமே, அதற்கு நீ வாயைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவன், "டேய், இவன் பர்மாங்கனேட்டை உறிஞ்சிட்டான்டா, பல்லைப் பாரு" என்றானாம். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். பர்மாங்கனேட் எனக்கும் தெரியும், காலரா காலத்தில் கிணற்றில் போடுகிற ஊதா மருந்து அது. வேட்டியில் ஒரு சொட்டுப் பட்டால் பழுப்பாகிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. உன் பல்லைப் பார்த்தவனுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து உன்னை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள் என்றும், லேப் நாட்களில் தலைவலி என்று லீவு போட ஆரம்பித்தாய் என்றும் அக்கா சொன்னாள். நான் அந்தத் தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவன். மார்க் ஏன் கெமிஸ்ட்ரியில் மட்டும் போயிற்று என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிந்துவிட்டது. கேட்டபோது மனசு பொறுக்கவில்லை தம்பி. அந்தப் பையன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆனால் அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அக்கா கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர், "தம்பி, நீங்க மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கங்க" என்றபோது, நானும் கூடச் சேர்ந்து, "மூடு கண்ணு, படம் நல்லா வரும்" என்றேன். இன்றைக்கும் அந்தப் படம் சுவரில் இருக்கிறது. எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள், நீ மட்டும் எவரோ செத்த வீட்டில் நிற்பவன் போல நிற்கிறாய். நம் பக்கத்தில் பாதிக் கல்யாணப் படங்கள் இப்படித்தான் இருக்கும், வாயை மூடிய மாப்பிள்ளையும் தலையைக் குனிந்த பெண்ணுமாக. அதை அடக்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சிரித்தால் கையைக் கொண்டுபோய் வாயில் வைக்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். உன் அம்மா இறந்தபோது நீ நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்திருந்த வயது. அதுவரை நாம் ஊருக்குள் சொந்த வீட்டில் இருந்தோம், ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்வர முடியாது என்று, மொரப்பூருக்கு அடுத்த, நம் ஊரை ஒட்டிய இந்தச் சின்ன ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சமையல் எனக்குத் தெரியாது. ரசம் வைத்தால் வெந்நீர், குழம்பு வைத்தால் ரசம். உனக்கோ எதைக் கொடுத்தாலும் வயிற்றுப்போக்கு. மொரப்பூர் டாக்டர், "பருப்பைக் கரைய வேகவச்சு, மசிச்சுக் குடு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். குவார்ட்டர்ஸிலும் அப்போது ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான், அதில் பருப்பு வேகவே வேகாது. விறகு எரிந்து சாம்பலாகும், பருப்பு அப்படியே கிடக்கும். நான் டூட்டிக்கு ஓட வேண்டும். பாதி வெந்ததைக் கொடுத்தால் உனக்கு மறுபடியும் போகும். உன் அம்மா எப்படித்தான் சமாளித்தாளோ என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆழமாகப் போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். முதல் நாளே அதில் பருப்பு வைத்துப் பார்த்தேன். நான் முகம் கழுவிச் சட்டை மாற்றிவிட்டு வருவதற்குள் பஞ்சாக வெந்திருந்தது. குடித்தால் இளநீர் மாதிரி ஒரு தித்திப்பு. சோப்பு போட்டால் நுரை அடங்கவே அடங்காது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பம்புக்கு வர ஆரம்பித்தார்கள், "பருப்புத் தண்ணி" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு மேல் ஒன்று நடந்தது. நீராவி இன்ஜின் ஓடிய காலம் அது, பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதிக்கிறவர் ஒருவர் லைனில் போய்வருவார். ஒருநாள் நம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தவரிடம் இந்தத் தண்ணீரைப் பார்க்கச் சொன்னேன். ஒரு சின்ன சீசாவில் தண்ணீரை எடுத்து, சோப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். நுரை பொங்கியது. "ஏப்பா, இது தண்ணி! இதை ஊத்தினா பாய்லர்ல காரையே கட்டாது. இன்ஜினுக்குக் குடுத்து வைக்கலை, உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றார். இரும்புக் கொப்பரைக்கே கெடுதல் செய்யாத தண்ணீர் என் பிள்ளையின் வயிற்றுக்கு என்ன செய்துவிடப் போகிறது என்று நான் நினைத்தேன். ரயில்வேக்காரனுக்கு அப்படித்தான் தோன்றும். அன்றிலிருந்து ஊர்க் கிணற்றுப் பக்கம் நாம் போகவில்லை. உனக்கு வயிறு சரியாகிவிட்டது, கன்னத்தில் சதை வைத்தது. நல்ல தகப்பன் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு பெருமை வந்தது.

உனக்குப் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்தபோது முதலில் சுண்ணாம்பு பூசியது மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு. உன் வயதுப் பிள்ளைகள் பல பேருக்கு அப்படித்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தாய்ப்பால் போதாததால் வந்தது என்றார் ஒருவர், கரும்பு கடித்ததால் என்றார் இன்னொருவர். நீ சரியாகப் பல் விளக்குவதில்லை என்று நானே முடிவு கட்டினேன். முதலில் கரி, பிறகு உப்பு, பிறகு செங்கல் பொடி. உன் தலையை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். ஈறில் ரத்தம் வரும், நீ அழுவாய். "உங்கக்கா பல்லைப் பாரு, எப்படி அரிசி மாதிரி இருக்குது" என்று அவளை முன்னால் நிறுத்துவேன். தண்ணீரைப் பற்றி ஏன் சந்தேகம் வரவில்லை என்று இப்போது கேட்பாய். சந்தேகம் வராததற்குக் காரணமே ஸ்டெல்லாதான். ஒரே வீடு, ஒரே குடம், ஒரே டம்ளர். அவளுக்கு வெள்ளை, உனக்குப் பழுப்பு. தண்ணீரில் கோளாறு இருந்தால் இரண்டு பேருக்கும்தானே வர வேண்டும்? நீதிபதி கூட இந்தக் கேஸில் தண்ணீரை விடுதலை செய்திருப்பார்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். ஸ்டெல்லாவுக்குக் கடைவாய்ப் பல் வலி என்று நான்தான் கூட்டிப்போனேன். பாப்பா என் தோளில். சின்ன வயசு டாக்டரம்மா, வாயில் கண்ணாடியை விட்டுப் பார்த்ததும், "நீங்க இந்த ஊரா? இந்த ஊர்ப் பல்லு மாதிரி இல்லையே" என்றார். எனக்குப் பெருமை. "எம் பொண்ணுதாங்க. அவ ஒழுங்கா விளக்குவாங்க. பையன்தான் சோம்பேறி, செங்கல் பொடி போட்டுத் தேச்சும் கறை போவலைங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"செங்கல் பொடியா? ஐயா, அது மேலே ஒட்டின கறை இல்லை. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே உள்ளே ஏறினது. தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு."

"ரெண்டு பேரும் ஒரே தண்ணிதாங்களே குடிச்சாங்க" என்று நான் விடவில்லை.

"அந்தத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சப்ப பொண்ணுக்கு என்ன வயசு?"

சொன்னேன். முன்பல் முளைத்திருந்தது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அதுக்குள்ள வெளியில தெரியற அவங்க பல்லெல்லாம் உள்ளே உருவாகி முடிஞ்சிருக்கும். முடிஞ்ச பல்லை இது ஒண்ணும் பண்ணாது. உங்க பையனுக்கு அப்பதான் உருவாக ஆரம்பிச்சிருக்கும்."

பருப்பு பஞ்சாக வெந்ததையும் பாய்லர்க்காரர் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன், ஏதோ அவரிடம் கேஸ் நடத்துகிறவன் மாதிரி. அவர் சிரிக்கவில்லை. "தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருந்தா பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாய்லர்ல காரை கட்டும். ஆனா சுண்ணாம்பு இருக்கிற தண்ணியில இது அதிகம் கரைஞ்சு நிக்காது. சுண்ணாம்பு குறைவா இருக்கிற ஆழத்துத் தண்ணியிலதான் நிறைய நிக்கும்" என்றார். குடிக்கும்போது நாக்குக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியாதுங்க. பருப்புக்கும் தெரியாது. லேப்ல பார்த்தாதான் தெரியும்" என்றார். பிறகு என் தோளில் இருந்த பாப்பாவைப் பார்த்து, "இது எந்தத் தண்ணி குடிக்குது?" என்று கேட்டார். உன் அக்கா, "பம்புத் தண்ணிதாங்க, அதுலதான் பருப்பு வேகுது" என்றாள்.

தம்பி, நான் உனக்குத் தேடிக் கொடுத்ததிலேயே நல்ல பொருள் என்று நினைத்தது அந்தத் தண்ணீர். மழையில் நனைந்துகொண்டு அடித்து எடுத்து வந்திருக்கிறேன். அதுதான் உன் வாயை மூட வைத்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாளே பாப்பாவுக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தேன். அங்கேதான் சண்டை தொடங்கியது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார், இன்னும் மூன்று நான்கு வருஷமாவது ஸ்டெல்லாவும் பாப்பாவும் என்னோடுதான். அதாவது பாப்பாவின் பல் எல்லாம் இந்த வீட்டில்தான் உருவாகப் போகிறது. உன் அக்காவோ, "ஒரு டாக்டர் ஏதோ சொன்னாங்கன்னு இப்படிப் பண்றீங்களேப்பா. கிணத்துத் தண்ணி நல்லதுன்னு யாருக்குத் தெரியும்? பருப்பு வேகாம கொழந்தைக்கு வயித்தால போனா நீங்களா பாப்பீங்க?" என்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. உனக்கு அன்று வயிறு சரியானது பம்புத் தண்ணீரால்தானே? டாக்டரம்மாவும் முடிவாகச் சொல்லவில்லை. ஆழத்துத் தண்ணீரில் அதிகம் இருப்பது வழக்கம், ஆனால் சோதிக்காமல் எந்தக் கிணற்றையும் நம்ப வேண்டாம் என்றுதான் சொன்னார். சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார்கள், பதில் எப்போது வரும் என்று தெரியாது. நான் கிணற்றுத் தண்ணீரில் பருப்பை ஏற்றிவைத்தால், அந்தப் பக்கம் அவள் பம்புத் தண்ணீரைக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு கட்சி, இரண்டு குடம். பாப்பாவுக்கு இரண்டு தண்ணீரும் கிடைக்கிறது.

இப்போது உன் கேள்வி. அந்த டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன். பையனும் உங்கள் படிப்புக்குத்தான் நிற்கிறான், கெமிஸ்ட்ரியில் மார்க் போய்விட்டது, பி.எஸ்ஸி.க்கு ஜுவாலஜியா கெமிஸ்ட்ரியா என்று இப்போதே யோசிக்கிறான் என்றேன். அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னதை இப்போது அப்படியே எழுதுகிறேன். "எதுல சேர்ந்தாலும் தப்பில்லை. ஆனா எங்க வேலையில கெமிஸ்ட்ரி எங்கெங்க வருதுன்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியறதில்லை. சொத்தையை அடைக்கிற வெள்ளியும் பாதரசமும், ஒட்டுற சிமெண்ட்டும், அச்சு எடுக்கிற பிளாஸ்டரும் எல்லாம் அதுதான். முதல் வருஷத்துலயே பயோகெமிஸ்ட்ரி வரும். ஜுவாலஜி நல்லாப் படிச்சுட்டு வந்தவங்க கூட அங்கதான் திண்டாடினாங்க. தம்பிக்கு அதுல பயம்னா, பயம் இருக்கிற இடத்துலயே இந்த ஒரு வருஷம் உட்கார்ந்துட்டு வரச் சொல்லுங்க." நுழைவுத் தேர்வில் உனக்கு மார்க் போனதும் அதில்தான். ஜுவாலஜியில் ஏற்கெனவே நீ நன்றாகத்தான் வாங்கியிருக்கிறாய். தெரிந்ததையே திரும்பப் படிக்கவா ஒரு வருஷம்? அடுத்த வருஷமும் இடம் கிடைக்காமல் போனால் (போகாது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்), கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு நம் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் லேப் என்றால் காலையில் எழுந்து நுழைவுத் தேர்வுக்குப் படி. கணக்குக்கு உன் ரூமில் இருக்கிற பையன்களில் ஒருவனைப் பிடித்துக்கொள்.

இதெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிச் சமாளிக்கிற காரணங்கள். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், என் காரணம் இது இல்லை. நான் நாக்கை நம்பினேன், பருப்பை நம்பினேன், சோப்பு நுரையை நம்பினேன். இன்ஜினைக் கூட நம்பினேன். அந்தக் கலங்கலில்லாத தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருவன் இருந்திருந்தால் போதும். பல் டாக்டராகி வந்து என் வாயையும் உன் வாயையும் நீ சரி செய்வாய், அது வேண்டும்தான். ஆனால் பாப்பாவின் பல் அதுவரை காத்திருக்காது. முதல் வருஷத்துப் பையனுக்கு உப்பைக் கொடுத்து இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கத்தான் சொல்வார்களாம், இதைப் பார்க்க விடமாட்டார்கள் என்று டாக்டரம்மாவே சொன்னார். பரவாயில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிற கட்டிடத்துக்குள் நீ இருப்பாய், வாயைத் திறந்து கேட்பாய். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பாசஞ்சரில் வருகிற கார்டிடம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன், சேலம் ஜங்ஷனில் வந்து வாங்கிக்கொள். பம்பு என்று எழுதி ஒட்டியது ஒன்று, கிணறு என்று எழுதி ஒட்டியது ஒன்று. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்று அங்கே யாரிடமாவது கேள். பள்ளிக்கூடத்து லேபில்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்படி ஒரு லேபுக்கே நான் உன்னைத் திருப்பி அனுப்புகிறேன் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். மறுபடியும் எவனாவது சிரிப்பான். சிரிக்கட்டும். இது பர்மாங்கனேட் இல்லை, எங்கள் ஊர்த் தண்ணீர் என்று சொல். அது ஏன் அப்படி ஆக்குகிறது என்றும் சொல். சிரித்தவனுக்கு அது தெரிந்திருக்காது.

இவ்வளவு எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். ஸ்டெல்லா வந்து தாள்களை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். பாப்பா அவள் மடியில் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முழுதும் படித்துவிட்டுத் தாள்களை மடித்தாள். பிறகு, "அப்பா, அம்மா ஊர்க் கிணத்துலதானே தண்ணி எடுத்துது?" என்று கேட்டாள்.

"ஆமா. வேற ஏது?"

"சோப்பே நுரைக்க மாட்டேங்குதுன்னு திட்டிக்கிட்டே துணி தொவைக்கும். எனக்கு ஞாபகம் இருக்குது" என்றாள். விரலால் தன் முன்பல்லை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "நான் ஏதோ நல்லா விளக்குனதால வந்துதுன்னு நெனச்சிருந்தேன். எந்நேரமும் தம்பிகிட்ட என் பல்லையே காட்டிப் பேசிட்டு இருந்தீங்க, எனக்கும் பெருமையா இருந்துது. இது அம்மா சொமந்த தண்ணிப்பா."

எனக்கு அது தோன்றவே இல்லை தம்பி. இத்தனை நாளும் உன்னைப் பற்றியும் பாப்பாவைப் பற்றியும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து பாப்பாவை என் மடியில் வைத்தாள். பம்புத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குக் கிளம்பினாள். "லேப்லேருந்து பதில் வர்ற வரைக்கும் இதுதான். தம்பியைச் சீக்கிரம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்று தெருவிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னாள். அவள் இன்னும் திரும்பவில்லை. மீதியை ஒரு கையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன் அக்கா முடிவெடுத்துவிட்டாள். எனக்கும் இந்த வயதில் ஒரு முடிவு சொல்ல வந்துவிட்டது. திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி வரிசையில் போய் நில். மேசையில் இருக்கிறவர் பேர் கேட்கும்போது வாயில் இருக்கிற கையை எடுத்துவிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்.

பாப்பாவுக்குக் கீழ் ஈறில் வெள்ளையாக இரண்டு புள்ளி தெரிகிறது. நான் எழுதுவதைப் பார்த்து வாயை முழுசாகத் திறந்து சிரிக்கிறது. கையை வாய்க்குக் கொண்டுபோக அதற்கு இன்னும் தெரியாது.

இப்போது பருப்பை நசுக்கிப் பார்த்தேன். வெந்துவிட்டது. நேரம் பிடிக்கிறதே தவிர, வேகாமல் இல்லை. பாப்பாவுக்கு ஊட்டப் போகிறேன்.

உன் அப்பா